சூரிய பன்

வேலை ஒப்பந்தம் ஆறு மாதம். நவம்பர் 27 தொடக்கம் ஜனவரி 15 மட்டும் ட்ரோம்சோவில் சூரியன் எழும்பாது என்று தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன். தெரிந்து என்ன!

லண்டனில் இருந்து அம்மா ஒவ்வொரு இரவும் கேட்பா: "வடிவாச் சாப்பிட்டியோ?"

"ஓம்." பாணும் சீஸும்தான்.

டிசம்பர் நடுவில் திரும்பிப் போக டிக்கெட் பார்த்துவிட்டேன். அன்று மதியம் பால் வாங்கப் போகும்போது தெற்கு வானம் ரோஸ் நிறமாகிக் கிடந்தது. பனி மூடிய மலைகளெல்லாம் கத்தரிப்பூ நிறம். நான் பாலை மறந்து நின்றேன். மறுநாளில் இருந்து மதிய மீட்டிங்கைப் பின்னுக்குத் தள்ளினேன். பல் டாக்டரிடம் போவதாகப் பொய். ஒரு மாதம் முழுக்கப் பல் டாக்டர்!

தெற்கு மலைகள் மறைப்பதால் ஊருக்குள் சூரியன் தெரிவது ஜனவரி 21இல்தான். அன்று எல்லோரும் ஜாம் வைத்த 'சூரிய பன்' சாப்பிடுவார்கள். நானும் வரிசையில் நின்றேன். வானம் முழுக்க முகில். சூரியன் வரவில்லை. "முதல் வருஷமா?" என்று கேட்ட கடைக்காரம்மா இன்னொன்றைப் பையில் போட்டுவிட்டார்.

இரவு அம்மா.

"வடிவாச் சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா, வடிவா. ரெண்டு பன்."

"பன்னோ? சோறு இல்லையோ?"