நைல் நதிக்கரை மாங்காய்

கான் நகரத்துக் கடற்கரைக் கூட்டத்தை விட்டு மலைப்பக்கம் ஏறும் பேருந்தைப் பிடித்தால், ஒரு மணி நேரத்துக்குள் கிராஸ் வந்துவிடுகிறது. பிரான்சின் வாசனைத் திரவியத் தலைநகரம். ஆனால் அது முதலில் தோல் பதனிட்ட ஊர். நாற்றத்தை மறைக்கக் கையுறைகளுக்கு மணமேற்றப் போய், காலப்போக்கில் தோல் தொழில் அழிந்து மணம் மட்டும் தங்கிவிட்டது.

நான் போனது ஆகஸ்ட் மாதம், பூ எடுக்கும் காலம். அங்குள்ள வாசனை அருங்காட்சியகத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு தோட்டம் உண்டு. மல்லிகை என்று எழுதியிருந்த செடியருகே குனிந்ததுமே தெரிந்துவிட்டது, நம்மூர்ப் பிச்சி! தாவரவியல்படியும் அதே இனம்தான். கிராஸில் பூ வயல்கள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன. உலகச் சந்தைக்கான மல்லிகைச் சாறு இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் போகிறது.

என்னை அந்த ஊருக்கு இழுத்தது பூ அல்ல, ழான்-க்ளோத் எலெனா என்ற வாசனைக் கலைஞர். 1947இல் அங்கே பிறந்தவர். பதின்ம வயதிலேயே ஒரு வாசனைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1976இல் வான் க்ளீஃப் நிறுவனத்துக்காக அவர் செய்த ‘ஃபர்ஸ்ட்’ நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்த ஆடம்பரம். அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் குறைப்பதுதான். மற்றவர்கள் ஆயிரம் மூலப்பொருள்களை வைத்துக்கொண்டு திணற, இவர் இருநூற்றுக்கும் குறைவாகவே வைத்துக்கொண்டார். கொக்கோவின் மணத்தில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கின்றன. இவரோ தேன் வாடையுள்ள ஒரு வேதிப்பொருளையும் வெனிலினையும் இரண்டு காகிதப் பட்டைகளில் தொட்டு, சேர்த்து விசிறிக் காட்டுவார். சாக்லேட்! மிச்சத்தை நம் மூக்கே நிரப்பிக்கொள்கிறது. அவருடைய கலை முழுவதும் இந்த ஏமாற்றில்தான் இருக்கிறது என்பேன்.

ஹெர்மெஸ் நிறுவனம் நைல் நதியை வைத்து ஒரு வாசனை கேட்டபோது எகிப்தின் அஸ்வானுக்குப் போனார். தாமரை, மல்லிகை என்று எதிர்பார்க்கக்கூடிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மரத்தில் தொங்கிய பச்சை மாங்காய் பிடித்தது. மாங்காயைப் பிழிந்து அத்தர் எடுக்க முடியாது. கேரட்டையும் பம்ப்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட்டையும் நினைவூட்டும் மணங்களைக் கொண்டு அதைக் கட்டினார். 2005இல் வந்தது ‘நைல் நதிமேல் ஒரு தோட்டம்’. கடையில் மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். காம்பு ஒடித்த இடத்தில் பால் கசியுமே, அந்தப் புளிப்பும் பிசினும் கலந்த வாடை. மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டு வளர்ந்த மூக்கையே ஏமாற்றிவிட்டார் மனிதர்.

மூன்றாண்டு கழித்துக் கேரளத்துப் பருவமழையை வைத்தும் ஒன்று செய்தார்: இஞ்சி, ஏலக்காய், மிளகு. அது எனக்கு ஒட்டவில்லை. மழை முடிந்த தோட்டம் என்றால் நான் மண்ணைத் தேடுகிறேன். அவர் மசாலாப் பெட்டியைத் திறந்துவிட்டார். வெளியூர்க்காரர் மூக்குக்கு நம் மழை அப்படித் தெரிகிறதோ என்னவோ.

இவற்றை முகர்ந்து பார்க்க வாய்த்தால் ஒன்று செய்யுங்கள். காகிதப் பட்டையோடு நிறுத்தாதீர்கள். தோலில் இட்டுக்கொண்டு, கடையைவிட்டு வெளியே வந்து, அரைமணி நேரம் நடந்தபின் மறுபடி முகர்ந்து பாருங்கள். மாங்காய் அதற்குள் போயிருக்கும். அப்புறம் நிற்பது பிடித்திருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.