நாணயத்தில் விடுபட்ட சொல்

நாணயம் சேர்ப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. தபால்தலை, தீப்பெட்டி லேபிள், பழங்காசு எல்லாம் வாசிக்கப் பிடிக்காதவர்களின் அலமாரி என்றே நினைத்திருந்தேன். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன், பழைய புஸ்தகங்களுக்காக அங்கே அலைந்த வருஷங்களில், காசு பரப்பி வைத்திருந்தவர்கள் எதிரில் குந்தியிருந்த மனிதர்களைத் தாண்டித்தான் போவேன். ஒரு தடவைகூட நின்றதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று முட்டுக்காட்டில் குடியேறிய பிறகு, நானும் ஒரு வெள்ளிக் காசை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பவனாக ஆவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

காரணம் ஒரு நண்பர். இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1983 ஜூலைக்குப் பிறகு சென்னைக்கு வந்து மூன்று வருஷம் போல இருந்து, பிறகு கனடாவுக்குப் போனார். எங்கள் சிறு கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு ஒரு வாக்கியம் சொல்வார். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது. பல வருஷம் கழித்து டொரொண்டோவிலிருந்து வந்தவர், முட்டுக்காடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைக்குட்டையிலிருந்து ஒரு வெள்ளி டாலரை எடுத்துக் கொடுத்தார். "உங்கள் நாட்டின் பேர் இதில் இருக்கிறது, பாருங்கள்."

1947ஆம் வருஷத்துக் காசு. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜின் தலை. சுற்றிலும் சுருக்கப்பட்ட லத்தீன். கடவுள் கிருபையால் அரசன் என்று தொடங்கி, 'எத் இந்த் இம்ப்' என்று முடிகிறது. இந்தியாவின் சக்கரவர்த்தியும்கூட, என்று பொருள். மறு பக்கம் ஒரு தோணி. இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள். ஒருவன் பிரெஞ்சு வம்சத்துக் கூலிப் படகோட்டி, மற்றவன் அந்த மண்ணின் பூர்வகுடி. நடுவில் தோல் மூட்டைகள். பின்னால் மரம் நிற்கும் ஒரு சிறு தீவு, வானத்தில் வடதுருவ ஒளிக் கீற்றுகள். ஜெர்மனியில் பிறந்து கனடாவில் வாழ்ந்த எமானுவல் ஹான் என்ற சிற்பி செய்தது. 1935இல் வெளிவந்த முதல் டாலரிலிருந்து இந்தத் தோணிதான்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. கறுத்துப் போயிருந்த காசை மேஜை டிராயரில் போட்டு வைத்தேன். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி. இந்த ஊரில் இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்க முடியாது. சேற்றிலிருந்து எழும் கந்தக வாடை வெள்ளியையும் விடாது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து என் மனைவி அதையும் விபூதி வைத்துத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. காசு சேர்ப்பவன் கற்க வேண்டிய முதல் பாடம் காசைத் தேய்க்கக் கூடாது என்பது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, காசின் வயசு. தேய்த்தால் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். பிறகு எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அது தேய்க்கப்பட்ட காசுதான். நண்பருக்கு எழுதினேன். "சக்கரவர்த்திக்கு விபூதி பூசிவிட்டீர்கள், பரவாயில்லை" என்று பதில் வந்தது.

சௌகார்பேட்டையில் வெள்ளிக் கடை ஒன்றில் நிறுத்துப் பார்த்தேன். 23.3 கிராம். கடையிலிருந்த பெரியவர் யோசிக்காமல், "சரியா ரெண்டு ரூபா எடை சார்" என்றார். விக்டோரியா ராணி தலை போட்ட நம் பழைய ரூபாயின் எடை 180 கிரெயின், ஒரு தோலா. நாட்டு மருந்துக்கடையில் 'ஒரு ரூபாய் எடை' என்று நிறுத்தது அதைத்தான். கனடா டாலர் 360 கிரெயின். ஆனால் நூற்றுக்கு எண்பதுதான் வெள்ளி, மீதி செம்பு. ரூபாயில் தொண்ணூற்றொன்றுக்கு மேல். "உருக்கினா நஷ்டம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் தலையையும் பார்க்கவில்லை, எழுத்தையும் பார்க்கவில்லை. அதுவும் ஒரு வாசிப்புத்தான்.

எழுத்தைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். அங்கே ஆரம்பித்தது வியாதி. 1947இலேயே வகைகள் இருக்கின்றன. ஏழின் வால் கூராக இருப்பது ஒன்று, மழுங்கி இருப்பது ஒன்று. வருஷத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மேபிள் இலை இருப்பது இன்னொன்று. அந்த இலைக்குக் காரணம் நாம்.

1947 ஆகஸ்டில் இந்தியா சுதந்திரமானதும், காமன்வெல்த் காசுகளிலிருந்து 'இந்தியாவின் சக்கரவர்த்தி'யை எடுக்க வேண்டியதாயிற்று. கனடா நாணயசாலைக்குப் புதிய அச்சுக்கான மூலங்கள் லண்டனிலிருந்து வர வேண்டும். வரத் தாமதமாயிற்று. ஆட்டவாவில் காசுக்குத் தட்டுப்பாடு. 1948 பிறந்த பிறகும் பழைய அச்சிலேயே, 1947 என்ற தேதியிலேயே அடித்தார்கள். தேதி பொய் என்பதற்கு அடையாளமாக ஒரு இலை. இல்லாத சாம்ராஜ்யத்தின் பெயரோடு, முடிந்துபோன வருஷத்தில் அடிக்கப்பட்ட காசு அது. புதிய அச்சு வந்து சேர்ந்தபோது வருஷத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 1948 என்று தேதியிட்ட வெள்ளி டாலர் மொத்தம் 18,780 மட்டுமே. அந்த வரிசையில் எல்லாரும் தேடுவது இதைத்தான். கள்ளக் காசும் இதற்குத்தான் அதிகம்.

நம் பக்கத்தில் நடந்தது இன்னும் வினோதம். 1948 ஜூனில்தான் அரசர் பட்டத்தை முறைப்படி துறந்தார். புலி போட்ட 1947 நிக்கல் ரூபாயில் அவர் 'கிங் எம்பரர்'. 1950 ஆகஸ்டில் சிங்கத் தூண் போட்ட காசு வரும்வரை நம் பைகளில் அவரே இருந்தார். சக்கரவர்த்தியைக் கனடா நமக்கு முன்பே கழற்றிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு 1948 வேண்டும் என்றாகிவிட்டது. விலை என் சில மாதப் பென்ஷன். ஆனால் ஒரு சொல் இல்லாமலிருப்பதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் பார்க்கலாமே. இது கவித்துவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் ஆசை என்று இப்போது தெரிகிறது. ஆல்பத்தில் 1947க்குப் பக்கத்துக் குழியைக் காலியாக விட்டு, நண்பருக்கு எழுதினேன். அங்கே விசாரித்து வாங்க முடியுமா, பணத்தைத் தவணையில் அனுப்புகிறேன் என்று. அது நம் சுதந்திரத்தின் காசு என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

பதில் வர மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் ஒரு சாயங்காலம், கழியில் வலை போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் காசைக் காட்டினேன். அரசரைத் திருப்பிப் போட்டார். தோணியை வெகு நேரம் பார்த்தார். "சரக்கு யாரோடது சார்?" என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி. கண்ணாடியில் பார்த்தால் மூட்டையில் எச், பி என்று இரண்டு எழுத்து. ஹட்ஸன் பே கம்பெனி. 1670இல் லண்டனில் சாசனம் வாங்கிய கம்பெனி, நம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தம்பி. பாலத்தைத் தாண்டினால் கோவளம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி கிடங்கு வைத்திருந்த ஊர். 1752இல் அங்கிருந்த கோட்டையைக் கிளைவ் பிடித்தான். நம் கரையிலும் துடுப்புப் போட்டவன் ஒருவன், சரக்கு இன்னொருவனுடையது.

தோணியில் இருக்கும் பூர்வகுடியையும் அவர்கள் இந்தியன் என்றுதான் சொல்லி வந்தார்கள். கொலம்பஸ் வழி தவறியதால் ஒட்டிக்கொண்ட பேர். ஆக, என் காசின் ஒரு பக்கம் உண்மையான இந்தியா, இன்னொருவன் பட்டத்தில். மறு பக்கம் பொய்யான இந்தியன், இன்னொருவன் சரக்கோடு. 1948இல் முதலாவது போயிற்று. இரண்டாவது அப்படியே இருந்தான். 1968இல் டாலர் வெள்ளியிலிருந்து நிக்கலுக்கு மாறிய பிறகும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் நண்பருக்கு எழுத உட்கார்ந்தபோது அவர் கடிதம் வந்தது. சுருக்கமான கடிதம். "1948 உங்களுக்கு ஒரு சொல் போன வருஷம். அந்த வருஷம்தான் எங்களுக்குக் குடியுரிமை போனது. கொழும்புப் பாராளுமன்றம் சட்டம் போட்டபோது என் அப்பா கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றிருந்தார். அதைக் காசு கொடுத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. மன்னிக்கவும்."

இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், 1948. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிய சட்டம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரியாத விஷயமா? இதைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், அவரையே முன் வைத்துக்கொண்டு. இருந்தும், நம் சுதந்திரத்தின் காசு என்று எழுதும்போது அந்த 'நம்'மில் அவர் நிற்க இடமிருக்கிறதா என்று ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியில் ஏழின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தோடு அட்டைக்குள் ஒட்டி ஒரு காசு. 1949. இதில் தோணி இல்லை, பாய்மரக் கப்பல். அந்த வருஷம் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்ததற்காக அடித்தது. 1497இல் ஜான் கபட் வந்த மாத்யூ என்ற கப்பல். கீழே லத்தீனில், புது நிலம் செழிக்கட்டும் என்று. கடிதத்தின் பின்பக்கம் நண்பர் பென்சிலால் எழுதியிருந்தார்: "1986 ஆகஸ்டில் நம் ஆட்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தது இந்தக் கரைக்கு அப்பால்தான். மீன்பிடிக்கிறவர்கள்தான் ஏற்றிக்கொண்டார்கள். இதைத் தேய்க்க வேண்டாம்."

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆல்பத்தில் 1947 இருக்கிறது, பளபளப்பாக, கீறல்களோடு. 1949 இருக்கிறது. மெல்லக் கறுத்துக்கொண்டு வருகிறது. நடுக் குழியைப் பார்த்து, ஒன்று குறைகிறதே, வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.