படத்தின் பின்னே நிற்கும் வீடு



ரொறன்ரோ பிளாக் கிறீக் முன்னோடிக் கிராமத்தில், டானியல் ஸ்ரோங் என்னும் குடியானவர் 1816ஆம் ஆண்டு எழுப்பிய மரவீடு இன்றும் பேணப்பட்டு வருகின்றது. அதனைக் காண எம் மாணவரை அழைத்துச் சென்றபொழுது, "எங்கள் ஊர் வீடு எப்படி இருக்கும், சேர்?" என ஒரு மாணவி வினவினாள். அவ்வினாவே எமது வகுப்பில் நிழற்படக் காட்சியொன்று அமையக் காரணமாயிற்று.

இதற்கு முன்னோடி உண்டு. 1964இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் பேர்னாட் ருடோவ்ஸ்கி என்பார், கட்டடக் கலைஞரின் துணையின்றி ஊர்மக்கள் தாமே எழுப்பிய உறைவிடங்களை நிழற்படங்கள் வாயிலாகக் காட்சிக்கு வைத்தார்.

எம் மாணவர் கொண்டுவந்தவையோ திருமணப் படங்களும் பூப்புனித நீராட்டுப் படங்களுமே. வீட்டைத் தனியே படம்பிடிக்க ஊரில் எவர் நினைத்தார்? ஆயினும் முகங்களின் பின்னே வீடு நின்றது. ஒன்றில் நாற்சார் வீட்டின் நடுமுற்றம், ஒன்றில் சாணி மெழுகிய திண்ணையும் பனையோலைக் கூரையும், பிறிதொன்றில் சங்கடப்படலை. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் பயனும் எழுதும் பணியை மாணவரிடமே ஒப்படைத்தோம். அவர்கள் பாட்டன் பாட்டியரை நாடிச் சென்றனர். நடுமுற்றம் வீட்டினுள் காற்றும் வெளிச்சமும் தருவது. படலையின் மேலமைந்த கூரை தெருவழிச் செல்வோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கு. "யாரென்று தெரியாதவர்களுமா?" என வியந்தாள் அம்மாணவி. "ஆம்" என்றோம்.

"உங்கள் வீட்டுப் படம் எங்கே, சேர்?" என்றாள் மீண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபொழுது எமக்குப் பதினான்கு வயது. அம்மா எடுத்துவந்த பையில் காணி உறுதி இருந்தது, படம் இருக்கவில்லை. திரும்பிச் சென்றபொழுது வீடும் இருக்கவில்லை.

இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த தளப்படங்களை ஓவியர் தா. சனாதனன் 2011இல் நூலாக்கினார். அதனை எண்ணி யாமும் வரைய அமர்ந்தோம். கிணற்றடியும் குசினியும் எளிதில் வந்தன. அம்மம்மாவின் அறைக்கதவு எப்பக்கம் இருந்ததென்பது நினைவில் வரவில்லை. கேட்டறிவதற்கு அம்மாவும் இன்றில்லை. அவ்விடத்தை வெறுமையாக விட்டே காட்சியில் வைத்தோம்.

பெற்றோர்களே, பெட்டிகளில் உறங்கும் படங்களை எடுங்கள். முகங்களின் பின்னே நிற்கும் வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, படலை, திண்ணை, விறாந்தை எனப் பெயர் சொல்லிப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். மாணவச் செல்வங்களே, கேட்கவேண்டியதை இன்றே கேளுங்கள். சொல்வதற்கு இன்று ஆள் உண்டு.