சராசரிச் சூடும் ஒரு புள்ளி நெருப்பும்

பி.காம். படிக்கிறவனுக்கு வெடிமருந்தோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் படித்த நாளிலிருந்தே சராசரி மேல் எனக்கு ஒரு சந்தேகம். அதுதான் இங்கே கொண்டுவந்து விட்டது :-)

வெடிமருந்தில் அதிர்வலை பாய்ந்தால் எவ்வளவு சூடாகும்? மொத்தப் பொருளுக்கும் கணக்குப் போட்டால், பல சமயம் வெடிக்கப் போதாத சூடுதான் வருகிறது. ஆனாலும் வெடிக்கிறது! கேம்பிரிட்ஜின் பவுடனும் யாஃபியும் 1952-ல் போட்ட புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது. குமிழி நசுங்கும் இடம், மணல் துகள் உரசும் இடம் என்று மைக்ரான் அளவுப் புள்ளிகளில் சூடு குவிகிறது. பெட்டி கைதவறி விழுந்தால் சுமந்தவர் பிழைப்பாரா என்பது அந்தப் புள்ளிகள் கையில்.

சரி, எப்படி அளப்பது? நடப்பது நானோ நொடிகளில். தெர்மாமீட்டர் விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் ஒளியைப் பார்க்கிறார்கள், கொல்லர் இரும்பின் நிறம் பார்த்துச் சூடு சொல்வது மாதிரி. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டானா டிலாட் குழு, லேசரால் மெல்லிய உலோகத் தகட்டை நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் மாதிரிமேல் மோதவிட்டு, வரும் ஒளியை 32 நிறப்பட்டைகளாகப் பிரித்து அளந்தது.

இப்போது நம்ம சப்ஜெக்ட். சூடான புள்ளி பல மடங்கு அதிகமாக ஒளிரும். ஆக ஒளி காட்டும் வெப்பநிலையும் ஒருவகைச் சராசரிதான், வெயிட்டேஜ் எல்லாம் சூடான புள்ளிக்கே! முதல் கணக்கு குறைத்துச் சொன்னது, இது கூட்டிச் சொல்கிறது. அதனால் நிறத்தோடு பிரகாசத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நிறம் எவ்வளவு சூடு என்று சொல்லும், பிரகாசம் எவ்வளவு இடத்தில் என்று சொல்லும்.