நெகட்டிவின் சாவி யாரிடம்?

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த காலத்தில், வெளியான ஒரு புகைப்படம் உண்மையானதா என்ற சர்ச்சை எழுந்தால் அதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. இருட்டறையிலிருந்து நெகட்டிவை எடுத்துவரச் சொல்வார்கள். அச்சிட்ட படத்தில் எதையும் செய்யலாம். வெட்டலாம், ஒட்டலாம், மெல்லிய தூரிகையால் ஒரு முகத்தையே இல்லாமற் செய்யலாம். ஆனால், முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு ஒரே சுருளில் கிடக்கும் நெகட்டிவில் கைவைப்பது இலகுவன்று. அது எந்தக் கம்பனியின் பிலிம் என்று எவரும் கேட்டதில்லை. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும், தெரிந்துவிடும்.

இன்று அந்த நெகட்டிவின் இடத்தில் இருப்பது 'றோ' எனப்படும் கோப்பு. 'பச்சை அரிசி' என்கிறோமே, அந்தப் பொருளில் 'பச்சைக் கோப்பு' என்று தமிழாக்கலாம். நிறத்தோடு குழம்பும் என்பதால் விட்டுவிடுகிறேன். இந்த நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க முடியாது. மென்பொருள் வேண்டும். எந்த மென்பொருளும் போதாது, அந்தக் கமராவை அறிந்த மென்பொருள் வேண்டும்.

ஓய்வுக்குப் பின்னரும் நான் அவ்வப்போது போய்வரும் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைக் கண்டேன். கடற்றொழிலாளரின் ஆர்ப்பாட்டம் ஒன்றின் படம் முன்பக்கத்தில் வெளியாகியிருந்தது. படத்தில் தெரியும் கூட்டம் ஒட்டிச் சேர்க்கப்பட்டது என்றும், மறுப்பு வெளியிட வேண்டும் என்றும் ஒருவர் தொலைபேசியில் அதட்டினார். ஆசிரியர் இளம் புகைப்படக்காரரை அழைத்து மூலக் கோப்பைக் கேட்டார். அது பத்திரமாகவே இருந்தது. கடன்பட்டு வாங்கிய புதுக் கமரா, ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகவும் றோவாகவும் இரட்டையாகப் பதிந்து வைத்திருந்தது. ஆனால் அலுவலகக் கணினியிலிருந்த மென்பொருள் அந்தக் கமரா பிறப்பதற்கு முன்னரே வந்தது.

"ஐயா, படம் இருக்குது. கொம்பியூட்டர்தான் உதை ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லுது" என்றார் அந்தத் தம்பி.

மறுநாள் மத்தியானம், வேறொருவரின் மடிக்கணினியில்தான் கோப்பு திறந்தது. படம் அச்சில் வந்தபடியே இருந்தது. மறுப்பு வெளியிடப்படவில்லை. ஆனாலும் அந்த ஓர் இரவு முழுவதும், தன் நேர்மைக்கான சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் காட்ட முடியாதவராக அவர் இருந்தார்.

ஏன் திறப்பதில்லை? கமராவின் உணரிக்கு உண்மையில் நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கு அது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மற்ற இரண்டு நிறங்களையும் அயற்புள்ளிகளைப் பார்த்து மென்பொருளே கணிக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தாம். 14 பிற் றோவில் 16,384 படிகள். நிழலுக்குள் மறைந்த முகத்தைப் பின்னர் மீட்டெடுக்க முடிவது இதனாலேயே. ஆனால் இந்த உணரியின் சிவப்பு எத்தகைய சிவப்பு, எந்த எண்ணிலிருந்து கறுப்புத் தொடங்குகிறது, எண்கள் எப்படிச் சுருக்கப்பட்டுள்ளன என்பனவெல்லாம் கமராவுக்குக் கமரா மாறும். கோப்பின் பெயர்வால் மாறாதிருந்தாலும் உள்ளடக்கம் மாறும். நிக்கொன் 1999இல் வெளியிட்ட டி1 கமராவின் கோப்பும் அதன் இன்றைய கமராக்களின் கோப்பும் என்இஎப் என்றே முடிகின்றன. முன்னதைத் திறக்கும் பழைய மென்பொருள் பின்னதைத் திறக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

ஒவ்வொரு கமராவையும் மென்பொருளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருப்பதை நான் குறை சொல்லவில்லை. அது பௌதிகம். கற்பிப்பதற்கான பாடத்தையே கம்பனிகள் பூட்டி வைப்பதுதான் குறை. 2005இல் நிக்கொனின் டி2எக்ஸ் கமரா, வெண்சமநிலை பற்றிய தகவலைச் சங்கேதமாக்கிக் கோப்பினுள் வைத்தது. போட்டோஷொப்பைத் தன் சகோதரருடன் உருவாக்கிய தோமஸ் நோல் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். சங்கேதத்தை உடைப்பது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகலாம் என்பது அவரது அச்சம். தான் எடுத்த படத்தின் நிறத்தை அறிவது குற்றமாகக்கூடும் என்றால், அந்தப் படம் எடுத்தவருடையதா, கமரா விற்றவருடையதா? பின்னர் ஏற்பாடொன்று காணப்பட்டது என்பது உண்மை. எனினும் கேள்வி தீர்ந்ததாக நான் நினைக்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு, 2004 செப்டெம்பரில், அடோபி நிறுவனம் டிஎன்ஜி என்ற பொது வடிவத்தை அறிவித்து அதன் விபரங்களையும் எல்லோருக்குமாக வெளியிட்டது. லைக்காவும் பென்டக்ஸும் றிக்கோவும் ஏற்றுக்கொண்டன. செய்திப் புகைப்படக்காரர் அதிகம் தூக்கித்திரியும் கனொன், நிக்கொன், சோனி ஆகியன தத்தம் வடிவங்களையே வைத்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், 2014இல் வந்த அன்ட்றொயிட் 5.0 முதல் கைத்தொலைபேசிகள் டிஎன்ஜியில் பதியத் தொடங்கின, பின்னர் அப்பிளும் அதில் சேர்ந்தது. சட்டைப்பையில் கிடக்கும் தொலைபேசி திறந்த வடிவத்தில் எழுதுகிறது, இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் கமரா பூட்டிய வடிவத்தில் எழுதுகிறது.

அடோபியையும் முழுமையாக மெச்சுவதற்கில்லை. ஒருமுறை பணம் கொடுத்து வாங்கக்கூடியதாயிருந்த லைட்றூம் 6க்கு, 2017 டிசெம்பரில் வந்த 6.14 உடன் புதிய கமராக்களைச் சேர்ப்பது நின்றுபோயிற்று. மறுவருடமே கனொன் தனது சிஆர்3 வடிவத்தைக் கொண்டுவந்தது. மாதச் சந்தா கட்டு, அல்லது பழைய கமராவோடு இரு என்பதுதான் இதன் பொருள். சந்தா கட்டாதோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அவர்களது டிஎன்ஜி மாற்றி ஒன்றே ஆறுதல்.

பழைய றோ கோப்புகளை இன்றும் திறக்க முடிகிறதென்றால், அதற்காக நான் கம்பனிகளைவிட அதிகமாக நன்றி சொல்வது டேவ் கொஃபின் என்ற மனிதருக்கு. 1997இல் தொடங்கி, நூற்றுக்கணக்கான கமராக்களின் கோப்புகளைத் தனியொருவராகத் துருவி ஆராய்ந்து, 'டிசிறோ' என்ற நிரலை இலவசமாகக் கொடுத்தவர். 2018க்குப் பின் அதில் புதிய பதிப்பு வரவில்லை. அந்த நிரலின் அடியொற்றிப் பிறந்த 'லிப்றோ' தொடர்கிறது.

இதை ஏதோ கமராப் பித்தர்களின் விவகாரமென்று என் சகபாடிகள் சிலர் ஒதுக்குகிறார்கள். போல் ஹன்சன் 2012இல் காசாவில் எடுத்த மரண ஊர்வலப் படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பெற்றபோது, அது பல படங்களின் ஒட்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013 மேயில் நிபுணர்கள் அவரது றோ கோப்பை ஆராய்ந்து, ஒட்டு இல்லை, ஒளியும் நிறமுமே சரிசெய்யப்பட்டுள்ளன என்றார்கள். அதே போட்டியில் 2015இல், இறுதிக்கு முந்திய சுற்றை எட்டியவற்றில் ஏறத்தாழ 20 வீதமானவை மூலக் கோப்போடு ஒப்பிட்டபின் விலக்கப்பட்டன. அப்பாவியைக் காப்பாற்றுவதும் கள்ளனைக் காட்டிக்கொடுப்பதும் அந்தக் கோப்புத்தான். அதே 2015 நவம்பரில், றோவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம் என்று றொய்ட்டர் தனது சுதந்திரப் புகைப்படக்காரருக்கு அறிவித்தது. வேகத்துக்கு அது சரி. உண்மைக்குச் சரியென்று நான் ஒப்பமாட்டேன். கமராவிலிருந்து வரும் ஜேபெக்கும் சமைத்ததே. சமைத்தவர் கம்பனியின் பொறியியலாளர் என்பதொன்றே வித்தியாசம்.

ஆகையால் அலுவலகத்துக்குக் கமரா வாங்கும் ஆசிரியர்கள், அதன் கோப்பு தங்கள் கணினியில் திறக்கிறதா என்று ஒரு மாதிரிக் கோப்பை வைத்து முதலிற் பார்க்கட்டும். டிஎன்ஜியாக மாற்றுவோர் மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது. மாற்றியது மொழிபெயர்ப்பு, சர்ச்சை வரும்போது கேட்கப்படுவது மூலம். அந்த மாற்றியிலேயே மூலக் கோப்பை டிஎன்ஜியினுள் அப்படியே பொதிந்து வைக்கும் தெரிவொன்றும் இருக்கிறது. கோப்பு பருக்கும், வன்தட்டு விரைவில் நிரம்பும். இன்னொரு வன்தட்டு வாங்கலாம்.