பிரேக் முக்கியம் தம்பி!

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் போளூர். சம்பத்கிரி மலைமேல் நரசிம்மர். மேற்கே ஜவ்வாது மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் ரோடு. அதில் சைக்கிளை இறக்கினால்தான் பிரேக் கட்டையின் அருமை புரியும்!

கலிபோர்னியாவில் 1970 வாக்கில் பிறந்த பி.எம்.எக்ஸ். சைக்கிளுக்கு 20 அங்குலச் சக்கரம்; கேரியர் கிடையாது. வித்தை காட்டுகிற பலர் பிரேக்கையும் கழற்றிவிடுகிறார்கள். ஹாண்டில்பாரைச் சுழற்ற ஒயர் இடைஞ்சலாம்! 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இந்த வித்தைக்கு மெடலே கொடுத்தார்கள்.

நம்ம பசங்களுக்கு பிளஸ் ஒன்னில் சர்க்கார் தருகிற சைக்கிள்தான் பி.எம்.எக்ஸ். காலையில் ஸ்கூல், சாயங்காலம் வீலிங், நடுவே கேரியரில் அரிசி மூட்டையோ, ஆரணிப் பட்டுக்கான பாவோ!

தம்பி, வித்தை காட்டு, வேணாங்கலை. கேரியரைக்கூடக் கழற்று; அப்பா பார்ப்பதற்குள் மாட்டிவிடு. பிரேக்கை மட்டும் கழற்றாதே. போக்ஸ் கம்பி உடைந்தால் கடையில் கிடைக்கும். முழங்கால்?