மாஸ்கோவில் ஒரு விடுப்புக் கணக்கு

டிசம்பர் வந்துவிட்டால் மாஸ்கோ அலுவலகங்களில் பனியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த மே மாதத்தைப் பற்றித்தான் பேச்சு. புத்தாண்டு பிறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே, யார் எப்போது விடுப்பில் போகிறார் என்ற அட்டவணை முடிவாகிவிட வேண்டும் என்கிறது ரஷ்யத் தொழிலாளர் சட்டம். முடிவான அட்டவணை முதலாளியையும் கட்டும், தொழிலாளியையும் கட்டும். அதனால் தேநீர்க் கோப்பையும் சிரித்த முகமுமாக ஒரு பங்காளிச் சண்டை நடக்கும். நல்ல தேதிகள் முதலில் கேட்டவருக்கும், சீனியர்களுக்கும் போய்ச் சேரும்.

ஆண்டுக்கு 28 நாள் சம்பளத்துடன் விடுப்பு. கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் சனி, ஞாயிறும் அந்த 28-க்குள்ளேதான் வரும். பிரித்து எடுக்கலாம், ஒரு பகுதியாவது தொடர்ந்து 14 நாளாக இருந்தாக வேண்டும். ஒரு சலுகை உண்டு. விடுப்புக்கு நடுவில் அரசு விடுமுறை வந்தால் அந்த நாள் கணக்கில் சேராது.

அரசு விடுமுறைகள் மொத்தம் 14. ஜனவரி 1 முதல் 8 வரை ஒரே கொத்து. அதில் 7-ஆம் தேதி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ், மற்ற ஏழும் புத்தாண்டுக்கு. பிப்ரவரி 23 தாய்நாட்டுக் காவலர் நாள், மார்ச் 8 மகளிர் நாள், மே 1 தொழிலாளர் நாள், மே 9 வெற்றி நாள், ஜூன் 12 ரஷ்யா நாள், நவம்பர் 4 தேச ஒற்றுமை நாள். தத்தார்ஸ்தான் போன்ற குடியரசுகளில் ஈகைப் பெருநாளுக்கும் பக்ரீத்துக்கும் தனி விடுமுறை உண்டு. தத்தார்ஸ்தானின் கசான் நகரில் இருக்கும் நண்பர்களைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படுவது இதற்காகத்தான்.

இந்தப் பட்டியலில் ஆட்சிகளின் கைரேகை இருக்கிறது. போருக்குப் பின் விடுமுறையாக இருந்த மே 9-ஐ 1947 இறுதியில் ஸ்டாலின் அரசு வேலை நாளாக்கியது. அதே சமயத்தில் ஜனவரி 1-க்கு விடுமுறை கொடுத்தது. மே 9 மறுபடி விடுமுறையானது 1965-ல். அக்டோபர் புரட்சியின் நவம்பர் 7 சோவியத் யூனியன் போன பிறகும் வேறு பெயரில் நீடித்து, 2005-ல் பட்டியலிலிருந்து இறங்கியது. அதன் இடத்துக்கு வந்ததுதான் நவம்பர் 4. என்ன கொண்டாட வேண்டும் என்பதை அரசு மாற்றிக்கொண்டே இருந்தாலும், எப்படிக் கொண்டாடுவது என்பதை மக்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஜனவரியில் ஒலிவியே சாலடும் மாண்டரின் ஆரஞ்சும். மே மாதத்தில் தாச்சா என்னும் ஊர்ப்புறத் தோட்டவீட்டில் உருளைக்கிழங்கு நடவும் ஷாஷ்லிக் கறியும்.

ஜனவரி விடுமுறைக்குள் விழும் சனி, ஞாயிறில் இரண்டு நாளை வேறு மாதத்துக்கு மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. சில சமயம் ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கி, பண்டிகையை ஒட்டிய இன்னொரு நாளை விடுவிப்பார்கள். 2025-க்கான மாற்றங்களைப் பார்த்ததும் எங்கள் அலுவலகமே பரபரத்தது. மே 1 முதல் 4 வரை விடுமுறை, 8 முதல் 11 வரை விடுமுறை. நடுவில் இருப்பது மூன்றே வேலை நாள். அந்த மூன்றையும் விடுப்பாக எடுத்தால் தொடர்ந்து 11 நாள் ஓய்வு. கேட்காதவர் யார்?

கேட்காதவர் கணக்குப் பிரிவில் இருப்பவர்தான். விடுப்புக்குத் தனிச் சம்பளக் கணக்கு: மாதச் சராசரி ஊதியத்தை 29.3-ஆல் வகுத்து, விடுப்பு நாட்களால் பெருக்கித் தருவார்கள். மாதம் 90,000 ரூபிள் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,070 ரூபிள். 2025 மே மாதத்தில் வேலை நாட்கள் 18 மட்டுமே. ஆகவே வேலை நாள் ஒன்றின் மதிப்பு 5,000. மூன்று நாள் விடுப்பில் 15,000 போய் 9,200 வரும். அதே ஆண்டு ஜூலையில் 23 வேலை நாள். அங்கே திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் எடுத்தால், இழப்பது 19,600-க்குள், வருவது 21,500. மே மாதம் நாளைத் தருகிறது, ஜூலை பணத்தைத் தருகிறது. இரண்டையும் தரும் மாதம் ரஷ்ய நாட்காட்டியில் இல்லை.

நம் பண்டிகைகள் இந்தக் கணக்கில் எங்கே நிற்கின்றன? தீபாவளி அக்டோபரில் வரும் ஆண்டுகளில் பரவாயில்லை, அது வேலை நாள் நிறைந்த மாதம், பணம் குறையாது. சிக்கல் பொங்கலில். "எட்டு நாள் லீவு விடுற ஊர்ல இருந்துக்கிட்டு பொங்கலுக்கு வர முடியலைன்னா யாருப்பா நம்புவா?" என்பார் அம்மா. விடுமுறை 8-ஆம் தேதியோடு முடிகிறது, பொங்கல் 14 அல்லது 15-ல் வருகிறது என்று சொன்னால், "அப்ப நடுவுல அஞ்சாறு நாள்தானே?" என்பார். அவர் சொல்வது சரிதான். 2025-ல் ஜனவரி 9 முதல் 17 வரை ஒன்பது நாள் விடுப்பு போட்டால், டிசம்பர் 29-ல் தொடங்கி ஜனவரி 19 வரை 22 நாள் கைக்கு வந்தது. போகி, பெரும்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் எல்லாம் ஊரில். ஆனால் ஜனவரியில் வேலை நாள் 17 மட்டுமே என்பதால், முன்பு சொன்ன சம்பளத்துக்கு ஏறத்தாழ 9,400 ரூபிள் நஷ்டம். அதைக் கரும்பு, வாழைத்தார் வரிசையில் பண்டிகைச் செலவாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் பொங்கல் விடுப்பு வேண்டுகோளை ரஷ்யர்கள் தட்டுவதும் அரிது. ஜனவரி பாதியில் விடுப்பு கேட்க அவர்களுக்குக் காரணமில்லை. மே மாதத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தால் ஜனவரி நமக்கு வரும். உருளைக்கிழங்கு நடவா, பொங்கலா என்பதில் இரு தரப்புக்கும் மோதல் இல்லை.

புதிதாக இங்கே வேலைக்கு வருகிறவர்கள் மூன்றை நினைவில் வையுங்கள். முழு விடுப்புக்கான உரிமை ஆறு மாதம் வேலை பார்த்த பிறகே வரும். விடுப்புப் பணம் புறப்படும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகக் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கேளுங்கள், அது சட்டம். முழு வாரங்களாக எடுப்பதானால் அந்த மாதத்தின் வேலை நாட்களை எண்ணிப் பாருங்கள்: 21-க்குக் கீழே என்றால் நஷ்டம், அதற்கு மேலே என்றால் லாபம். எண்ணிய பிறகும் பொங்கலுக்குப் போகத்தான் தோன்றினால், டிசம்பர் வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே அட்டவணையில் பெயரை எழுதிவிடுங்கள்.